இடம் மாறிய பதினாறு பக்கங்கள்

கத்தியின் முனை நூலுக்கு அடியில் நுழைந்து மேல்நோக்கித் திரும்பியது. நூல் அறுந்தது. இடக்கை விரல்கள் அதை இழுக்காமல் உருவி எடுத்தன. இழுத்தால் மடிப்பில் தாள் கிழியும். அடுத்த நூல், அதற்கடுத்த நூல். வலது கட்டைவிரலின் ஓரம் ஊசி பட்டுப் பட்டுக் காய்த்துப் போயிருந்தது. நகக்கண்களில் நீலம். மாவுப் பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் மயில்துத்தத்தின் நீலம் அது. எந்தச் சோப்புக்கும் போகாது. மூன்றாவது பாரம் கழன்று வந்ததும் கைகள் அதை மேசையின் ஓரத்தில் தனியாக வைத்தன. அதன் முதல் பக்கத்தை ஒரு தடவை தடவிவிட்டு நின்றன.

அச்சடித்த பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். அந்த மடிப்புக்குத்தான் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். இந்தப் புத்தகத்தில் இருபத்து நான்கு பாரங்கள். இதே கைகள் தைத்த புத்தகத்தை இதே கைகள் திரும்பவும் பிரித்துக்கொண்டிருந்தன. பதினேழு வருடத்தில் அப்படி நடந்தது இதுதான் முதல் தடவை.

பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி நாத்தனார் வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணி, அதைப் பிரிக்கிறீங்களா, இல்ல அதுகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"ரெண்டும்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்திருந்தது. மறுநாள் காலைப் படகில் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். படகில் அவளுக்கு ஒரு இடம் இருக்கிறதா, இல்லையா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

அவள் இந்த வேலையை யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் அவளும் நாத்தனாரும் தையல் இயந்திரமும்தான். ஆற்றின் அக்கரையில் ஒரு அச்சகத்தில் தாள் மடிக்க ஆள் கேட்டார்கள் என்று போனாள். மடிப்பை அழுத்த ஒரு எலும்புத் துண்டைக் கையில் கொடுத்து, ஒரு மூலையைக் காட்டினார்கள். ஆறாவது மாதம், அங்கே பைண்டிங் பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு, போகிற போக்கில் பசைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகள் முந்நூறு, தைக்காமல் அடுக்கியபடி கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஒரு பழைய பதிவேட்டை எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்தாள். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்: மேல்துணி, அட்டை, முதுகுத் தாள், வலைத்துணி, பசை, நூல். பிறகு அந்தக் காகிதத்தைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே ஒன்றைச் செய்தாள். முதல் பதிவேடு கோணிக்கொண்டு நின்றது. பத்தாவது நேராக நின்றது. திங்கட்கிழமை முந்நூறும் போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து அச்சகத்தின் பின்னறை அவளுடையது. நீதிமன்றப் பதிவேடுகள், மருத்துவமனைக் கோப்புகள், பள்ளி நூலகப் புத்தகங்கள் என்று வேலை குறைந்ததே இல்லை. குத்தின ஊசி, வெட்டின கட்டை விரல், நனைந்து வீங்கின அட்டை என்று எல்லாத் தப்பும் அவள் செய்து பார்த்ததுதான். ஒரு தப்பை மட்டும் செய்ததில்லை. அவள் கையில் ஒரு பாரமும் இடம் மாறியதில்லை. இதை அவளே வாய்விட்டு எங்கும் சொன்னதில்லை. முதலாளிதான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு இக்கரை, வேலை அக்கரை. நடுவே நாற்பது நிமிடப் படகு. காலையில் எட்டு மணிப் படகில் வருடக்கணக்காக அதே ஆட்கள்தான் வந்தார்கள். முன்பக்கம் கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள். அங்கே உட்காருகிறவர்களுக்குள் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டு மாப்பிள்ளை கோபக்காரர் என்பதெல்லாம் தெரியும். நீதிமன்ற எழுத்தர் நடுவில் உட்காருவார். நீதிமன்றத்தில் ஆவணங்களை உரக்கப் படித்துக் காட்டுவதுதான் அவர் வேலை. அந்தக் குரல் அங்கே வீணாகிறது என்று அவருக்கே ஒரு குறை. அதனால் காலைப் படகில் நாவல் படிப்பார். அவருக்கு எதிரே கணக்கு டீச்சர். டீச்சருக்குப் பக்கத்தில் டீச்சரின் கைப்பை. அந்தப் பக்கம் கயிற்றுக்கடைக்காரர். இன்னும் நாலைந்து பேர். டிக்கெட் பார்க்கிறவர்கூட வாசிப்பு தொடங்கிவிட்டால் டிக்கெட்டை மறந்துவிட்டு அங்கேயே நிற்பார்.

அவள் பின்பக்கம், இயந்திரத்துக்கு அருகில் உட்காருவாள். உட்காரவைத்தது வச்சிரத்தின் வாடை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை அது. கெட்டி அட்டைக்கு அதைவிட்டால் வேறு கிடையாது. ஆனால் சூடு பண்ணினால் தெருக்கோடி வரை மணக்கும். உடையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. அவள் இந்த ஊர்க்காரி இல்லை, அதிகம் பேசுவதும் இல்லை, மடியில் எப்போதும் துணியில் சுற்றிய ஒரு மூட்டை. இவ்வளவும் போதாதென்று இந்த வாடை. முதல் வாரம் முன்பக்கம் உட்காரப் போனாள். டீச்சர் பக்கத்தில் இருந்த பையை எடுக்கவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. பையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். கயிற்றுக்கடைக்காரர் அவளுக்கு வச்சிரம் என்று பெயர் வைத்தார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய குடை காணாமல் போனது. எல்லாக் கண்களும் ஒரு சுற்று சுற்றிவிட்டு அவள் மூட்டைமேல் வந்து உட்கார்ந்தன. அவள் துணியை அவிழ்த்து, உள்ளே இருந்த நான்கு பள்ளிப் பதிவேடுகளை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு அக்கரை வரை வந்தாள்.

இது எல்லாவற்றையும்விட அவளுக்கு உறுத்தியது வேறு. முன்பக்கம் கதை ஓடும். இயந்திரத்தின் இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் வந்தது. எழுத்தர் அதைப் பழைய பேப்பர் கடையில் சணல் கயிற்றில் கட்டிய தாள்குவியலாக எடுத்துவந்தார். தையல் இற்றுப் போய் பாரங்கள் தனித்தனியாக உதிர்ந்திருந்தன. இதை யாரிடம் கொடுப்பது என்று அவர் கேட்க, டிக்கெட் பார்க்கிறவர் பின்பக்கம் கையைக் காட்டி, நம்ம வச்சிரத்துக்கு இதுதானே தொழில் என்றார். சொன்ன பிறகுதான் அவள் கண்ணெதிரே இருப்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பேர் எனக்குத் தெரியும்," என்று அவள் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "நல்ல பேர்தான். ஒட்டினா விடாது."

புத்தகம் மோசமான நிலையில் இருந்தது. யாரோ ஏற்கெனவே இரண்டு தடவை ஓரம் வெட்டியிருந்தார்கள்; மேலே இருந்த பக்க எண்கள் போய்விட்டன. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலும் வரிசை எண் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். அதை ஈரம் தின்றுவிட்டது. இப்படிப்பட்ட புத்தகத்தைச் சேர்க்க ஒரே வழிதான் உண்டு. ஒரு பாரத்தின் கடைசிப் பக்கம் எந்தச் சொல்லில் அறுபட்டு நிற்கிறது, எந்தப் பாரத்தின் முதல் பக்கம் அந்த வாக்கியத்தைத் தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் அவள் ஒவ்வொரு பாரத்திலும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்தாள். நடுவைப் படிக்க நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. அவள் படித்த நூற்றுக்கணக்கான புத்தகங்கள் எல்லாம் இப்படி ஓரம் மட்டும் படித்தவைதான்.

கதை அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு நீராவிப் படகு மணல்திட்டில் சிக்கிக்கொள்கிறது. பதினாலு பயணிகள். பதினொரு நாள். குடிதண்ணீர்ப் பீப்பாயில் தண்ணீர் கணக்குக்கு மேல் குறைகிறது. பயணிகளில் ஒருவன் யாருக்கும் அறிமுகமில்லாதவன். கையில் பூட்டிய பெட்டி. அசைத்தால் கடகடவென்று சத்தம். அவன் யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறான். அவன்தான் தண்ணீர் திருடுகிறான் என்கிறார்கள் மற்றவர்கள். இவ்வளவும் அவளுக்கு ஓரங்களில் இருந்தே தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஆசை வந்தது.

இருபத்து மூன்று பாரங்கள் சொல்லுக்குச் சொல் பொருந்திச் சங்கிலி போல் சேர்ந்தன. ஒன்று மட்டும் தனியாக நின்றது. அது ஒரு அத்தியாயத்தோடு தொடங்கி அதே அத்தியாயத்தோடு முடிந்தது. அதில் பெட்டிக்காரன் சமையல்காரரிடம் தான் யார் என்று சொல்கிறான். முன்னும் பின்னும் எந்த வாக்கியமும் தொங்கவில்லை. பாரம் முடியும் இடத்திலேயே அத்தியாயமும் முடிகிற இரண்டு இடங்களில் அது பொருந்தும் போல இருந்தது: இரண்டாம் பாரத்துக்குப் பிறகு, அல்லது வெகுதூரம் தள்ளி, பதினெட்டுக்குப் பிறகு. படகில் ஏறிய மனிதன் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்தானே என்று அவள் நினைத்தாள். பாரத்தின் முதல் வரி, ஒரு கை இல்லாத சட்டையோடு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான் என்று இருந்தது. ஏழை போலிருக்கிறது, கந்தல் சட்டை என்று முடிவு கட்டி, மூன்றாவதாக வைத்துத் தைத்தாள்.

வேலை முடிந்து, முதல் நாள் வாசிப்பின்போது அவள் வழக்கம்போலப் பின்பக்கம்தான் போய் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் கயிற்றுக்கடைக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, வச்சிரம் இன்னைக்கு முன்னாடியே உட்கார்ந்திருக்கா என்று கேட்டார். வாடை எழுத்தரின் மடியில் இருந்த புத்தகத்திலிருந்து வந்தது. எழுத்தர் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். முதல் நாள் முழுக்க அதை முகத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, பின்பக்கம் பார்த்து, பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்க. இங்க வந்து உட்காருங்க."

அப்படித்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் மூன்றாவது பாரம். ஒரு பயணத்துக்கு ஒரு பாரம் என்று கணக்காக முடிவதை அவள் மட்டும் கவனித்து உள்ளுக்குள் மகிழ்ந்தாள். பெட்டிக்காரன் பெட்டியைத் திறந்தான். உள்ளே நாற்பது ஜோடிப் பொய்ப்பல். அவன் பல்செட் செய்கிறவன். அக்கரையில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகிறான். அவன் வாயில் இருப்பதும் பொய்ப்பல்தான். தன் வாயைத் தானே அளவெடுக்க முடியாததால் அது சரியாகப் பொருந்தவில்லை. பேசினால் நழுவும், மென்றால் கழலும். அதனால்தான் வாய் திறப்பதில்லை, அதனால்தான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறான். இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று சமையல்காரர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றான் அவன். படகே குலுங்கச் சிரித்தது. கயிற்றுக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் கட்டுகிறவனுக்கு ஒரு முழுச் சட்டைக்கு வழியில்லையே என்று உச்சுக் கொட்டினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவள் வாழ்க்கையின் நல்ல நாட்கள். கதையில் இருக்கிற பயணிகள் பெட்டிக்காரனைப் பற்றி என்ன சொன்னாலும் இந்தப் படகில் சிரிப்பு. பெட்டிக்குள் மனித எலும்பு இருக்கிறது என்று வணிகர் சத்தியம் செய்தார், சிரிப்பு. இருட்டில் பெட்டி பல்லைக் கடித்ததைத் தன் காதால் கேட்டதாகச் சொல்லிப் புதுப்பெண் மயங்கி விழுந்தாள்; டிக்கெட் பார்க்கிறவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவன் வேற்று ஆள், ஒற்றன், மந்திரவாதி, தொற்றுநோய்க்காரன் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். பல்லுங்க, பல்லு என்று கயிற்றுக்கடைக்காரர் அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தவள் என்பதால் தண்ணீரை எடுத்தது யார் என்று அவளைத் தினம் நச்சரித்தார்கள். நான் ஓரம் மட்டும்தான் படித்தேன் என்று அவள் கையை விரித்தாள். உண்மையில் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

ஒருநாள் மட்டும் டீச்சர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார். அன்றைய பக்கத்தில் பெட்டிக்காரன் வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளிலும் பொத்தான் போட்டபடி நின்றுகொண்டிருந்தான்.

"சட்டைக்குக் கை திரும்ப முளைச்சிருச்சா?"

வேறு சட்டை வைத்திருப்பான் என்றார்கள். டீச்சருக்குத் திருப்தி இல்லை. ஆனால் விட்டுவிட்டார்.

போன வியாழக்கிழமை, பத்தொன்பதாவது பயணம். கதையில் ஒன்பதாவது நாள். பீப்பாயில் தண்ணீர் முழங்கை அளவுக்கு இறங்கிவிட்டது. பயணிகள் பெட்டிக்காரனைப் பிடித்து அடிக்கிறார்கள். வணிகர் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க, அது தோளோடு கிழிந்து அவர் கையில் வந்துவிடுகிறது. எழுத்தர் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் விரல்விட்டு எதையோ எண்ணத் தொடங்கினார்.

அவளுக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. கை இல்லாத சட்டை. அது ஏழையின் சட்டை இல்லை. அடிபட்டவனின் சட்டை. அந்தப் பாரம் இதற்கு அடுத்தது. டீச்சர் கண்டுபிடிக்கலாம், எழுதினவர் மறந்துவிட்டார் என்று சொல்லி விட்டுவிடவும் செய்யலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பெயர் இருக்கும், இந்த இடமும் இருக்கும். ஆனால் ஒரு பாரம் தப்பான இடத்தில் இருப்பது தெரிந்த பிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவள் கைகளுக்குத் தெரியாது.

"சார், மூணாவது பாரம் அங்க இருக்கக் கூடாது. இப்ப, இந்த இடத்துல வரணும். நான்தான் மாத்தி வெச்சுத் தெச்சுட்டேன்."

"அப்ப நாங்க இத்தனை நாள் சிரிச்சது தப்பா?" என்றார் கயிற்றுக்கடைக்காரர். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

அக்கரைத் துறையில் சரக்குப் படகு ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்று டிக்கெட் பார்க்கிறவர் வந்து சொன்னார். எழுத்தர் புத்தகத்தை அவளிடம் நீட்ட, அவள் மூன்றாவது பாரத்தைத் திறந்து கொடுத்தாள். அவர் அதே பதினாறு பக்கத்தை மறுபடியும் படித்தார். ஒரு கை இல்லாத சட்டையோடு அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். நாற்பது ஜோடிப் பல்லும் வந்தன. சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று சமையல்காரர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றான். அன்று அதே வரிக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கயிற்றுக்கடைக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கரையைத் தொட்டதும் நேரமாகிவிட்டது என்று எல்லோரும் ஓடினார்கள். சரி பண்ணிடுங்க என்ற இரண்டு சொல்லோடு எழுத்தர் புத்தகத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு சொல்லைத் தீர்ப்பு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வெள்ளியும் சனியும் விடிந்ததும் கிளம்பும் முதல் படகிலேயே போனாள். அச்சகத்தில் மருத்துவமனைக் கோப்புகள் குவிந்திருந்தன. நாவலை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்க முடிந்தது.

இதையெல்லாம் நாத்தனார் வாசல் நிலையில் சாய்ந்தபடி கேட்டாள்.

"தையல்காரி சட்டைக்குக் கையை மாத்தித் தெச்சா, போட்டவன் அன்னைக்கே வந்து கத்துவான் அண்ணி. உங்க வேலையில பாருங்க, கையை மாத்தி வெச்சும் ஊரே பதினாறு நாள் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"கேலி பண்ணாத. அவன் சட்டையில கை இல்லன்னு படிச்சேன். ஏன் இல்லன்னு எனக்குக் கேக்கத் தோணலையே. என் மூட்டையைப் பார்த்தாங்களே அவங்க, அதே மாதிரிதான் நானும் பார்த்திருக்கேன்."

நாத்தனார் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பசைச் சட்டியை ஏற்றினாள். வாடை வீடு முழுக்க எழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனவள் திரும்பி வந்து கிளறிவிட்டாள்.

கைகள் திரும்பவும் வேலைக்கு இறங்கின. பழைய ஊசித்துளைகள் பெரிதாகாமல் இருக்க, மடிப்பின் உள்பக்கம் மெல்லிய தாள் நாடா ஒட்டினாள். பாரங்களை அடுக்கினாள், இந்தத் தடவை பதினெட்டுக்குப் பிறகு பத்தொன்பது. இன்னொரு பைண்டர் இதே குழியில் விழக் கூடாது என்று ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் பென்சிலால் வரிசை எண்ணைச் சின்னதாக எழுதினாள். மெழுகு தடவிய நூலால் தைத்தாள். முதுகுக்கு வச்சிரம், வலைத்துணி, அதன்மேல் தாள். காய்ந்துகொண்டிருக்கும்போது பத்தொன்பதாம் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினவர் வைத்த இடம் இதுதான். அதை மாற்ற அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் பொய்யில்லை.

எழுந்து போய் நாத்தனாரின் துண்டுத்துணிப் பெட்டியைக் கிளறினாள். சிவப்பு வேண்டும், சாயம் போகாத சிவப்பு என்றாள். பெயர்ப் பதிவேடுகளில் எழுத்தைத் தேடி எடுக்க, தாளின் ஓரத்தில் துணியால் நாக்கு ஒன்று ஒட்டுவது உண்டு. ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள். நாவலுக்கு யாரும் ஒட்டியதாக அவளுக்குத் தெரியாது. பத்தொன்பதாம் பாரத்தின் முதல் தாள் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு நாக்கை ஒட்டி, இரண்டு பக்கமும் எலும்புத் துண்டால் அழுத்தினாள். மாலைக்குள் அட்டை ஏறியது. புத்தகத்தைப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே துணி தேய்க்கும் இரும்புப் பெட்டியையும் இரண்டு செங்கற்களையும் ஏற்றினாள்.

திங்கட்கிழமை எட்டு மணிப் படகு. புத்தகத்தைத் துணியில் சுற்றி மடியோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். முன்பக்கம் எல்லோரும் இருந்தார்கள். டீச்சருக்குப் பக்கத்தில், அவள் இடத்தில், டீச்சரின் பை இருந்தது.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடலாம் என்று நினைத்தாள். நினைத்தவள் கொடுக்கவும் மறந்து அப்படியே பின்பக்கம் நடந்தாள். டிக்கெட் பார்க்கிறவர் வழியை மறித்தார்.

"எங்க போறீங்க? ரெண்டு நாளா அந்த இடத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? டீச்சர் பையை வெச்சுக்கிட்டு ஒருத்தரையும் உட்கார விடல. சனிக்கிழமை ஒரு போலீஸ்காரரையே திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவரு பையை நகர்த்தலாமான்னு கேட்டாரு," என்றார் டீச்சர். "முடியாதுன்னேன். ஆள் வருவாங்கன்னு சொன்னேன். ரெண்டு நாளா என் பேச்சைக் காப்பாத்தாம எங்க போனீங்க?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தாள்.

மாத்திட்டீங்களா என்று கயிற்றுக்கடைக்காரர் கவலையோடு கேட்டார். மாற்றிவிட்டதாகச் சொன்னாள். அவர் முகம் விழுந்துவிட்டது. தப்பாக இருந்தபோதுதான் நன்றாக இருந்தது என்று முணுமுணுத்தார். சரியானது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டீச்சர். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தர் தொண்டையைச் செருமினார்.

இந்த மாதிரிக் கதைகளை அவர் நிறையப் படித்திருக்கிறாராம். கப்பல், ரயில், பனியில் மாட்டிய வண்டி, எதுவானாலும் பத்துப் பேரை ஒரு இடத்தில் பூட்டிவைத்தால், அவர்களைப் போல இல்லாத ஒருவன் மேல்தான் முதல் சந்தேகம் விழும். எழுதுகிறவர்கள் அவனை வாய் திறக்க விடாமல் கடைசி வரை இழுத்தடிப்பார்கள். படிக்கிறவனுக்கும் சந்தேகம் வர வேண்டும், பிறகு வெட்கப்பட வேண்டும் என்பது அதில் இருக்கிற சூட்சுமம்.

"எழுதினவரு நம்மளையும் அந்த வணிகர் பக்கத்துல உட்கார வெக்க நெனச்சிருக்காரு. இவங்க தப்பா தெச்சதுல, நாம சமையல்காரர் பக்கத்துல உட்கார்ந்துட்டோம். அங்க இருந்து பார்த்தா எல்லாம் சிரிப்பாதான் இருந்துச்சு."

கயிற்றுக்கடைக்காரர் தன் காலடியில் இருந்த குடையை எடுத்து மடியில் வைத்தார். திரும்பக் கீழே வைத்தார்.

"அந்தக் குடை கடையிலயேதான் இருந்துச்சும்மா. கயித்துக் கட்டுக்கு அடியில. அன்னைக்கு மத்தியானமே கிடைச்சுருச்சு."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

"மறுவாரம் மழையில அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்தீங்க."

டிக்கெட் பார்க்கிறவர்தான் முதலில் சிரித்தார். பிறகு டீச்சர், பிறகு எழுத்தர், கடைசியில் குடைக்காரரே. பின்பக்கம் இயந்திரத்துக்கு அருகில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், முன்பக்கம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துவிட்டாள். இருக்கையில் ஓரமாக நகர்ந்து, இடம் இருக்கிறது வாங்க என்று கையைக் காட்டினாள்.

அவர்கள் வந்து உட்காரும் வரை காத்திருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். அட்டையின் நான்கு மூலைகளும் கூர்மையாக இருந்தன. முதுகு நேராக நின்றது. தாள்களின் வெள்ளை ஓரத்தில் சிவப்பு நாக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

"வரிசை எழுதினவரோடது. சிரிச்சுக்கிட்டே படிக்கணும்னு தோணினா முதல்ல இதைப் பிடிச்சுத் திறங்க," என்று சொல்லி, நீலம் படிந்த விரல்களால் புத்தகத்தை எழுத்தரின் கைகளில் வைத்தாள்.